பெண் குழந்தைக்கு எந்த வீட்டுப் பெயர்?

இரும்பையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தால் வண்டி பெரும்பாலும் புதுச்சேரிப் பக்கம்தான் திரும்பும். ஊர் இருப்பது விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில்; ஆனால் ஜிப்மர் அருகில் இருக்கிறது, விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி தொலைவு. குழந்தை எந்த இடத்தில் பிறந்ததோ அந்த இடத்துப் பதிவாளரிடம்தான் பிறப்பைப் பதிய வேண்டும் என்பது சட்டம். அதனால் தமிழ்நாட்டுக் குழந்தைகள் பலருடைய முதல் காகிதம் புதுச்சேரி அரசின் முத்திரையோடு வீடு வந்து சேர்கிறது. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். பெயரை அப்போதே சொல்ல வேண்டியதில்லை. பதிவு முடிந்து 12 மாதம் வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம், தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். ஆகவே சான்றிதழில் அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி எல்லாம் இருக்கும். குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருக்கும்.

அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பதில்தான் இன்று குடும்பங்கள் திணறுகின்றன. ஜோசியர் நட்சத்திரத்துக்கு ஓர் எழுத்து எழுதிக் கொடுக்கிறார். நியூமராலஜிக்காரர் ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் பார்த்து நடுவே இன்னொரு 'ஏ' போடச் சொல்கிறார். செல்போனில் தேடினால் ஆயிரக்கணக்கில் பெயர்கள் கொட்டுகின்றன. எல்லாம் 'ஷிகா', 'க்‌ஷா', 'ஹிதா' என்று முடிகின்றன. யாருக்கும் இல்லாத பெயராக வைக்க வேண்டும் என்று ஆரம்பித்த தேடல், எல்.கே.ஜி. வகுப்பில் அதே பெயரில் இன்னும் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதில் போய் முடிகிறது.

மேல்நாட்டில் இதே தவிப்புக்கு வேறொரு பழக்கம் இருக்கிறது. குடும்பத்தில் அருகிப்போன ஒரு குடும்பப் பெயரை, பெரும்பாலும் அம்மா திருமணத்துக்கு முன்பு தாங்கியிருந்த பெயரை, பெண் குழந்தைக்கு முதல் பெயராகவே வைத்துவிடுவார்கள். பெயரும் அபூர்வமாக இருக்கும், அம்மாவின் வம்சமும் நிலைக்கும். இங்கே நமக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்றே பெரும்பாலும் கிடையாது. இருந்தாலும் அந்தப் பழக்கத்துக்குள் இருக்கும் கேள்வி நம்முடையதும்தான். ஒரு பெண் குழந்தையின் பெயரில் எந்த வீடு இருக்க வேண்டும்?

விழுப்புரம் சின்னையா கணேசன் என்பதைத்தான் பழைய சினிமா விளம்பரங்கள் வி.சி.கணேசன் என்று எழுதின. பின்னால் சிவாஜி கணேசனாக உலகம் அறிந்தவரின் முதல் இனிஷியல் இந்த மாவட்டத் தலைநகரம். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்து 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த ராமசாமி ரெட்டியாரை மக்கள் 'ஓமந்தூரார்' என்றே அழைத்தார்கள். இன்று சென்னையில் ஓர் அரசு மருத்துவமனை வளாகத்தை ஊரே அந்தப் பெயரால்தான் சொல்கிறது. இரும்பைக் கோயில் கதையில் வரும் கடுவெளிச் சித்தரும் அப்படித்தான். அவர் பாடலால் மாகாளேஸ்வரர் கோயில் லிங்கம் பிளந்தது என்று சொல்லும் ஊர், அவருடைய இயற்பெயரைச் சொல்வதில்லை. 'கடுவெளி' ஒன்றே போதுமாக இருக்கிறது. நம் மண்ணில் ஊர்தான் ஒருவருக்குக் குடும்பப் பெயர் செய்யும் வேலையைச் செய்தது. அதன் பிறகு அப்பா பெயர்.

மூன்றாவதாகச் சாதிப் பட்டமும் இருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தது. பெரியார் 'நாயக்கர்' என்பதைக் கைவிட்டார். அடுத்த இரண்டு தலைமுறைக்குள் தமிழ்நாட்டில் ஒருவர் பெயரைக் கேட்டால் அவர் சாதி தெரியாது என்ற நிலை வந்தது. இந்தியாவில் வேறு எங்கும் இந்த அளவுக்கு நடக்காத காரியம் இது. நாம் பெருமையோடு காக்க வேண்டிய காரியம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் வாலை வெட்டியபோதும் தலையில் இருந்த இனிஷியல் ஆணுடையதாகவே நின்றுவிட்டது. பெண் பிறந்ததும் அப்பாவின் எழுத்து. கல்யாணம் ஆனதும் பல வீடுகளில் புருஷனின் எழுத்து. பள்ளிச் சான்றிதழில் ஒன்று, வங்கிக் கணக்கில் இன்னொன்று என்று அலைந்த பெண்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அம்மாவின் பெயருக்கு அந்த வரிசையில் இடமே இல்லை.

இடம் இருந்த ஒரு காலமும் உண்டு. எம்.எஸ்.சுப்புலட்சுமியின் 'எம்' மதுரை, 'எஸ்' சண்முகவடிவு. வீணை வாசித்த அவருடைய அம்மா. எம்.எல்.வசந்தகுமாரியின் 'எல்' லலிதாங்கி, அவரும் பாடகி, அவரும் அம்மா. கலையைத் தொழிலாகக் கொண்ட தாய்வழிக் குடும்பங்களில் பெண்ணின் பெயர் அம்மாவிடமிருந்து வந்தது. வெளிச் சமூகம் அதைக் குறையாகப் பேசியது. மேடையில் அந்த இரண்டு எழுத்துகள் ஒலிக்கும்போதெல்லாம் இரண்டு தாய்மாரின் பெயரும் சேர்ந்தே ஒலித்தது என்பது எனக்கு இன்றும் சிலிர்ப்பைத் தருகிறது. சட்டத்திலோ அம்மாவுக்கு இடம் தாமதமாகவே வந்தது: உச்ச நீதிமன்றம் கீதா ஹரிஹரன் வழக்கில் தாயும் குழந்தையின் இயற்கைக் காப்பாளராக இருக்கலாம் என்று சட்டத்துக்குப் பொருள் சொன்னது 1999-ல்தான்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

இரும்பையிலிருந்து சிறிது தூரம் போனால் பிரெஞ்சு ஆண்ட பூமி. அங்கே தமிழர்கள் தங்களுக்குக் குடும்பப் பெயரைத் தாங்களே தேர்ந்தெடுத்த வரலாறு ஒன்று உண்டு.

பொன்னுத்தம்பி பிள்ளை புதுச்சேரி வழக்கறிஞர். 1873-ல் ஐரோப்பிய பாணிக் காலணியோடு நீதிமன்றம் வந்தார் என்பதற்காக வாதாட விடாமல் தடுக்கப்பட்டார். இந்தியர் இந்தியச் செருப்புதான் போட வேண்டும் என்பது அந்த நீதிபதியின் நிலை. பொன்னுத்தம்பி பாரிஸில் இருந்த உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றார். பிறகு 1881 செப்டம்பர் 21-ல் வந்த பிரெஞ்சு ஆணை, தங்கள் சாதி மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்க விரும்பிய இந்தியருக்கு வழி திறந்தது. துறப்பவர் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து பதிய வேண்டும். அது மனைவி மக்களுக்கும் பரம்பரைக்கும் போகும். பொன்னுத்தம்பி தேர்ந்த பெயர் லப்போர்த். 'ரெனோன்சான்' என்று அழைக்கப்பட்ட இவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறிஸ்தவர்களும் மிகுதி. சாதியைச் சொல்லும் பெயருக்குப் பதில் எதையும் சொல்லாத ஒரு பெயர் அவர்களுக்கு விடுதலையாக இருந்திருக்கிறது. அந்தப் பெயர்களோடு சைகோனுக்கும் பிரான்ஸுக்கும் போனார்கள். பேரப்பிள்ளைகள் இன்றும் அவற்றைத் தாங்குகிறார்கள்.

இரும்பையின் இன்னொரு பக்கம் ஆரோவில். 1968 பிப்ரவரி 28-ல் தொடங்கிய அந்த நகரத்தின் பெயருக்குப் பின்னால் இருப்பவரின் பிறப்புப் பெயர் அரவிந்த அக்ராய்ட் கோஷ். நடுவில் இருக்கும் அக்ராய்ட் ஓர் ஆங்கிலப் பெண்ணின் குடும்பப் பெயர். பெண் கல்விக்காகக் கல்கத்தா வந்த அன்னெட் அக்ராய்டின் மீதுள்ள மதிப்பால், 1872-ல் பிறந்த தன் மகனுக்கு அதை வைத்தார் டாக்டர் கிருஷ்ணதன் கோஷ். இதில் என்னை நிறுத்துவது அடுத்து நடந்தது. அன்னெட் 1875-ல் ஹென்றி பெவரிட்ஜைக் கல்யாணம் செய்துகொண்டு அன்னெட் பெவரிட்ஜ் ஆனார். பாபரின் நினைவுக் குறிப்புகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் என்று அறிஞர் உலகம் அவரை அறிவது இந்தப் பெயரில்தான். அவரிடமிருந்தே கழன்றுபோன அக்ராய்ட், ஒரு வங்காளிப் பையனின் பெயருக்குள் இருபது ஆண்டுக்கு அருகில் வாழ்ந்தது. 1893-ல் இங்கிலாந்திலிருந்து புறப்படும் தறுவாயில் அரவிந்தர் அதை விட்டுவிட்டார். ஊர் திரும்பும் இளைஞனின் முடிவு அது, புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அந்தப் பெண்ணின் பெயர் இரண்டாவது முறையும் போயிற்று.

நம் பக்கத்துப் பெண் ஒருவரின் பிறப்புச் சான்றிதழிலும் இப்படி ஒரு மாற்றம் உண்டு. 1964 அக்டோபர் 20-ல் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் பிறந்த குழந்தைக்கு முதலில் பதிந்த பெயர் கமலா ஐயர் ஹாரிஸ். இரண்டு வாரத்தில் பெற்றோர் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து நடுப்பெயரை 'தேவி' என்று மாற்றினார்கள். தாத்தா பி.வி.கோபாலன் திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்துக்காரர். அம்மா சியாமளா, தமிழ் வழக்கப்படி அப்பா பெயரைச் சேர்த்து சியாமளா கோபாலன். அம்மாவே தாங்காத சாதிப் பட்டம் மகளின் பெயரில் இரண்டு வாரம் இருந்து போனது. எந்தக் காரணத்தால் மாற்றியிருந்தாலும் நல்ல மாற்றம். அம்மா வீட்டின் அடையாளம் வேண்டும் என்று தேடும்போது கைக்கு முதலில் அகப்படுவது சாதிப் பட்டம்தான் என்பதை அந்தச் சான்றிதழ் காட்டுகிறது.

இன்றும் அந்த ஆபத்து இருக்கிறது. வட இந்திய வேலை, வெளிநாட்டு விண்ணப்பம், சினிமா என்று ஏதோ ஒரு வழியில் நாம் வெட்டிய வால் திரும்ப முளைக்கிறது. நடிகை சம்யுக்தா 2023-ல் தன்னை 'மேனன்' சேர்த்து அழைக்க வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னபோது அதைச் செய்தியாக்க வேண்டிய காலத்துக்கு வந்திருந்தோம். குடும்பப் பெயர் தேடும் பெற்றோருக்கு என் முதல் வேண்டுகோள் இதுவே. சாதியைச் சொல்லும் எதையும் பெண்ணின் தலையில் ஏற்றாதீர்கள். அது அபூர்வமான சொல்லாக இருக்கலாம், கேட்க அழகாகவும் இருக்கலாம், வேண்டாம்.

சவரியம்மாளும் ஷெர்லியும்

குடும்பப் பெயரைப் பெண்ணுக்கு முதல் பெயராக வைக்கும் பழக்கம் நமக்குப் புதிது என்று சொன்னால் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒத்துக்கொள்ளக் கூடாது. சவரியம்மாள் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். புனித சவேரியார், அதாவது பிரான்சிஸ் சேவியர், 1506-ல் இன்றைய ஸ்பெயினின் நவார்ரா பகுதியில் சேவியர் கோட்டையில் பிறந்தார். அப்பா பெயர் ஹுவான் தெ ஹாசோ. சேவியர் கோட்டை அம்மா மரியாவின் பிறந்த வீட்டுச் சொத்து. அம்மா வழியில் வந்த பெயரோடுதான் அவர் 1542-ல் கோவாவில் இறங்கி, முத்துக்குளித்துறைக்கு வந்தார். இங்கே அது சவரி ஆனது. சவரிமுத்து, சவரிராயன், சவரிநாதன் ஆனது. பெண்களுக்குச் சவரியம்மாள் ஆனது. ஒரு ஸ்பானியத் தாயின் வீட்டுப் பெயர் களத்து மேட்டில் நெல் தூற்றிய நம் கிழவிகளின் பெயராக இருந்திருக்கிறது. எவ்வளவு தூரப் பயணம்!

ஷெர்லியின் பயணம் வேறு வகை. முதலில் ஊர்ப் பெயர், பிறகு குடும்பப் பெயர், பிறகு எப்போதாவது ஆண் பெயர். 1849-ல் சார்லட் பிராண்டி தன் நாவல் ஒன்றின் நாயகிக்கு அதை வைத்தார். பையனுக்கென்று பெற்றோர் எடுத்துவைத்திருந்த குடும்பப் பெயரை, பையன் பிறக்காததால் பெண்ணுக்கு வைத்தார்கள் என்பது கதையிலேயே வருகிறது. அதன் பிறகு அது பெண் பெயராகவே மாறிவிட்டது. 1928-ல் பிறந்த குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளால் உலகம் முழுக்கப் பரவி, நம் ஊர்ப் பள்ளி வருகைப் பதிவேட்டிலும் ஏறியது. ஹார்ப்பரும் அப்படி வந்ததுதான். எழுத்தாளர் ஹார்ப்பர் லீ பிறந்தபோது வைத்த பெயர் நெல் ஹார்ப்பர் லீ. ஹார்ப்பர் என்பது அவருடைய அக்காவைக் காப்பாற்றிய மருத்துவரின் குடும்பப் பெயர்.

பையனுக்கு வைத்திருந்ததைப் பெண்ணுக்கு வைத்தார்கள் என்பதைப் படிக்கும்போது நம் வீட்டுப் பெயர்கள் நினைவுக்கு வந்து நெஞ்சு கனக்கிறது. அங்கே ஆண் வாரிசின் பெயராவது கிடைத்தது. இங்கே நான்காவதும் பெண்ணாகப் பிறந்தால் 'போதும்பொண்ணு' என்றும் 'வேண்டாம்' என்றும் வைத்தார்கள். அடுத்தது பையனாகப் பிறக்க வேண்டும் என்ற வேண்டுதலை அந்தக் குழந்தை வாழ்நாள் முழுக்கப் பெயராகச் சுமந்தது. வட மாவட்டங்களில் இந்தப் பெயர்களோடு படித்து, வேலைக்குப் போய், கையெழுத்துப் போடும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள்.

நம்முடைய நல்ல பழக்கம் வேறொன்று. தாத்தா பெயர் பேரனுக்கு, ஆயா பெயர் பேத்திக்கு. குடும்பத்தின் பெயரைப் பின்னால் ஒட்டாமல் முதல் பெயராகவே பிள்ளையிடம் ஒப்படைக்கிற முறை இது. மேல்நாட்டார் இப்போது தேடிப்போவதை நாம் எப்போதோ செய்துகொண்டிருந்தோம். இந்தப் பக்கத்து ஆயாக்களின் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: அஞ்சலை, பூங்காவனம், பச்சையம்மாள், கன்னியம்மாள், எல்லம்மாள். மேல்மலையனூர் அங்காளம்மன் பேரில் அங்காளம்மாள். செஞ்சிப் பக்கத்துக் கூத்துக்கும் தீமிதிக்கும் உரியவள் பேரில் திரௌபதி. இவை இன்று ஒரு வகுப்பறையில் ஒரு பிள்ளைக்குக்கூட இல்லை. அபூர்வமான பெயர் வேண்டும் என்று செல்போனைத் தடவுகிறவர்களின் வீட்டுத் திண்ணையிலேயே அது உட்கார்ந்திருந்தது.

மாமியார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்பதால் பல வீடுகளில் ஆயா பெயர் வைத்த பேத்தியை அம்மா 'பாப்பா', 'குட்டி' என்றே கூப்பிடுவார். பெயர் சொல்லித் திட்டவும் முடியாது. அந்தக் கட்டுப்பாட்டில் இருந்த அநியாயம் போகட்டும்; பெயருக்கு இருந்த மரியாதை மட்டும் மிஞ்சட்டும். இதில் ஒரு குறையும் உண்டு. முதல் பெண்ணுக்கு வைப்பது பெரும்பாலும் அப்பாவைப் பெற்றவர் பெயர். அம்மாவைப் பெற்றவருக்கு முறை வருவது இரண்டாவது பெண் பிறந்தால்தான். இன்று பல வீடுகளில் ஒரு குழந்தையோடு சரி, ஆகவே அந்த முறை வருவதே இல்லை.

அஞ்சலை என்ற பெயருக்கு என்ன குறை? கடலூர் அஞ்சலையம்மாள் 1890-ல் பிறந்தவர். 1927-ல் சென்னையில் பிரிட்டிஷ் படை அதிகாரி நீலின் சிலையை அகற்றக் கோரி நடந்த போராட்டத்துக்கு ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவையும் அழைத்துப் போய், இருவருமாகச் சிறை சென்றார். காந்தி அந்தச் சிறுமியை வார்தாவுக்கு அழைத்துப் போய் லீலாவதி என்று பெயர் மாற்றினார். காந்தியின் அன்பில் சந்தேகமில்லை. ஆனாலும் அம்மாக்கண்ணு என்ற பெயர் அப்படியே இருந்திருக்கலாம் என்று என் மனம் அடித்துக்கொள்கிறது. நாட்டுப்புறத்துப் பெண் பெயர் உயர வேண்டுமானால் அது மாற வேண்டும் என்ற எண்ணம் அன்றே எவ்வளவு இயல்பாக இருந்திருக்கிறது!

இதில் இன்றைய ஆவணங்களும் சேர்ந்துகொள்கின்றன. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் காலியாக விட்ட தமிழருக்கு அமெரிக்க விசாவில் அவருடைய ஒரே பெயர் குடும்பப் பெயராகி, முதற்பெயர் இருக்கும் இடத்தில் 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கமாக எஃப்.என்.யூ. என்று அச்சாகும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தது; அப்பா பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் இருந்தால் ஏற்கப்படும் என்று பிறகு தெளிவுபடுத்தியது. இதற்குப் பயந்து இப்போது இனிஷியலை விரித்து எழுதுகிறார்கள். பெண்ணின் பெயருக்குப் பின்னால் அப்பாவின் முழுப் பெயர். அயல்நாட்டில் குடியேறினால் அந்த அப்பா பெயரே உறைந்துபோய்க் குடும்பப் பெயராகிவிடுகிறது. கனடாவிலும் நார்வேயிலும் ஜெர்மனியிலும் வளரும் ஈழத்தமிழ்ப் பேத்திகள் பலரின் கடைசிப் பெயர், அவர்கள் பார்த்தேயிராத ஒரு தாத்தாவின் பெயர்.

ஆகவே பெயரின் பின்பகுதியை அப்பா வீட்டுக்கு எழுதி வைத்தாயிற்று. உலகமே அதை அங்கே எதிர்பார்க்கிறது. மிச்சம் இருக்கும் ஒரே இடம் முன்பகுதி. அதையாவது அம்மா வீட்டுக்குக் கொடுங்கள் என்பதைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அம்மாவின் அம்மா பெயராக இருக்கலாம். அவள் பிறந்த ஊரின் பெயராக இருக்கலாம். அந்த ஊர் அம்மனாக இருக்கலாம்: ஞானசம்பந்தர் தேவாரம் பெற்ற இரும்பை மாகாளத்து அம்மனுக்குக் குயில்மொழி என்று பெயர். இதைவிட அழகாக எந்த இணையதளமும் ஒரு பெயரைத் தந்துவிடாது.

பழைய பெயர் பிள்ளைக்குக் கஷ்டமாகாதா, கூடப் படிக்கும் பிள்ளைகள் கேலி செய்யமாட்டார்களா என்பார்கள். கேலி எந்தப் பெயருக்கும் வரும். ஏன் இந்தப் பெயர் என்று சொல்ல ஒரு கதை கையில் இருக்கும் பிள்ளை அதைத் தாங்கிவிடும். 'அம்மாள்' பழையதாகத் தோன்றினால் விட்டுவிடலாம். பூங்காவனம் பூங்காவாகலாம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல், அன்று தொடங்கிப் பிறப்பவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் போன்றவற்றுக்குப் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். அதில் ஆங்கில எழுத்துக்கூட்டல் எப்படி ஏறுகிறதோ அப்படியே கடைசிவரை வரும். பிறகு மாற்ற அரசிதழ் வரை அலைய வேண்டும்.

அம்மா வழிப் பெயர்களைத் தேடுவது எளிதல்ல. மொய் நோட்டில் ஆண் பெயர்கள், பத்திரத்தில் ஆண் பெயர்கள், காதுகுத்து அழைப்பிதழில் தாய்மாமன் பெயர்கள். 1951-52-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் நாடு முழுக்கச் சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் அம்மா' என்றே சொல்லி, தங்கள் பெயரைச் சொல்ல அவர்கள் மறுத்ததுதான் காரணம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் வட மாநிலத்தவர். நம் பெண்கள் தங்கள் பெயரைச் சொன்னார்கள், பட்டியலிலும் ஏறினார்கள். அந்தப் பெயர்களை வீட்டில்தான் எழுதி வைக்கவில்லை. அம்மாவின் அம்மா பெயர் தெரிந்த அளவுக்கு அவருடைய அம்மா பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பிள்ளைக்குப் பெயர் வைக்குமுன் ஒருநாள் அம்மாவின் பிறந்த வீட்டுக்குப் போய், அங்கே இருக்கும் மூத்த பெண்ணிடம் அவருடைய ஆயா பெயரைக் கேளுங்கள். "அதெல்லாம் பழைய பேரு, இப்ப எதுக்கு?" என்பார். இரண்டாவது முறையும் கேளுங்கள். சொன்னதை அவர் சொன்ன மாதிரியே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள், பிறந்த ஊரையும் சேர்த்து.